ஐப்பசியில் கழுவெளி: வேலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் காட்பாடியிலிருந்தும் ஆரணியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் யாராவது கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கடலோரம் பறவை பார்க்க எப்போது போகலாம், என்ன எடுத்துப் போக வேண்டும், பூநாரை வந்துவிட்டதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கழுவெளி பறவைகள் சரணாலயத்தை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். பழவேற்காட்டுக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நம் ஊரில் இலையுதிர்காலமே கிடையாதே, பிறகு என்ன இலையுதிர்காலப் பறவை நோக்கல்?

நியாயமான கேள்விதான். புரட்டாசியில் வேலூர் வெயில் சித்திரையிடம் கடன் வாங்கி வந்ததுபோல் காய்கிறது. தமிழில் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று பெயர். அது குளிர்க்காற்றின் பருவமே தவிர இலை உதிரும் பருவம் அல்ல. ஆனால் இலையுதிர்காலம் இங்கே நடக்க வேண்டியதில்லை, பறவைகள் புறப்படும் ஊரில் நடந்தால் போதும். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் துந்திர நிலத்தில் கோடை கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். ஜூன் மாதத்தில் அங்கே முட்டையிட்ட உள்ளான்கள், அதாவது சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள், ஜூலையிலேயே தெற்கே திரும்பத் தொடங்குகின்றன. நாம் ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கிளறி முடித்த சில நாட்களில் முதல் வரவுகள் நம் கடலோரச் சேற்றில் இறங்கிவிடும். ஆகஸ்ட் நடுவிலிருந்து நவம்பர் முடிவு வரைக்கும் வரத்து நிற்பதில்லை. நாம் பேசப்போவது அந்த மூன்றரை மாதத்தைப் பற்றித்தான்.

கழுவெளி எங்கே இருக்கிறது? என்ன விசேஷம்?

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம், வானூர் வட்டங்களில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே கிடக்கும் பெரிய ஆழமற்ற நீர்ப்பரப்பு. கழுவேலி என்றும் எழுதுகிறார்கள். சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழியும் நீர் ஒரு பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது. மறுபக்கம் உப்பங்கழி வழியாகக் கடலோடு தொடர்பு. அதனால் ஏரியின் ஒரு முனையில் நல்ல தண்ணீர், மறுமுனையில் உப்புத் தண்ணீர், நடுவில் இரண்டும் கலந்தது. இந்தக் கலப்புதான் விசேஷம். நன்னீர் வாத்தும் கடலோர உள்ளானும் ஒரே காலையில் கிடைக்கும் இடங்கள் அதிகம் இல்லை. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; பரப்பு 51 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

பழவேற்காடு இதைவிட மிகப் பெரியது. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த இடம் அதற்குத்தான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் சரணாலயமானது. முதல் முறை போகிறவருக்கு நான் கழுவெளியைத்தான் சொல்வேன். பழவேற்காட்டில் பறவை பல நேரம் எட்டாத தூரத்தில் நிற்கும். வெறும் கண்ணுக்கு அது வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே ஏரிகள் இருக்கின்றனவே. 150 கிலோமீட்டர் போக வேண்டுமா?

முதல் ஆண்டு போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை நின்றவருக்கு முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், நத்தைக்குத்தி நாரை, கொக்கு வகைகள் எல்லாம் கைவசம் வந்துவிடும். பிறகு கடலோரம் போனால் அங்கே இருப்பவற்றில் பாதி தெரிந்த முகமாக இருக்கும், மீதிப் பாதியின் மேல் முழுக் கவனமும் வைக்கலாம். எதுவும் தெரியாமல் நேரே கழுவெளியில் போய் நிற்பது, உறவு முறை தெரியாமல் பெரிய கல்யாண வீட்டுக்குள் நுழைவதுபோல. எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்கள், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.

ஆனாலும் கடலோரத்தில் மட்டும்தான் ஒழுங்காகக் கிடைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. ஆலாக்கள், கடற்காக்கைகள், மூக்கன்கள், கோட்டான்கள் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை), ஆயிரக்கணக்கில் மொய்க்கும் கொசு உள்ளான்கள். அவற்றுக்காகப் போகத்தான் வேண்டும்.

எந்த மாதம் போகலாம்? ஒரு தேதி சொல்லுங்கள்.

தேதி சொல்ல மாட்டேன், தண்ணீரின் ஆழத்தைச் சொல்கிறேன். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கரைப்பறவைகளுக்கு ஏரி என்பது நீர்ப்பரப்பு அல்ல, சாப்பாட்டுத் தட்டு. தட்டு எத்தனை ஆழம் என்பதைப் பொறுத்துத்தான் யார் உட்காருவார்கள் என்பது முடிவாகிறது. கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு போதும், கணுக்காலளவு தண்ணீர் நமக்குத்தான் கணுக்கால். அதற்கு முழு உடம்பும் முழுகும். பவளக்காலியும் பச்சைக்காலியும் விரலளவு நீரில் நிற்கும். நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் ஒரு சாண் வரை இறங்கும். அதற்கு மேல் போனால் பூநாரை, கரண்டிவாயன், பெரிய நாரைகள். முட்டிக்கு மேல் நீர் நின்றால் வாத்துகளும் நாமக்கோழிகளும் கூழைக்கடாக்களும் ஏரியை எடுத்துக்கொள்ளும், உள்ளான்கள் கிளம்பிவிடும்.

இப்போது நம் மழையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. கழுவெளி கோடையில் பெரும்பாலும் வறண்டு வெடித்துக் கிடக்கும் ஏரி. ஆவணி, புரட்டாசி மழையில் அங்கங்கே குட்டையும் சேறுமாக ஆகியிருக்கும். உள்ளான் பார்க்க அதுதான் வேளை, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் மூன்றாம் வாரம் வரை. அடைமழை கொட்டி ஏரி நிரம்பியதும் அந்தச் சேறு மூழ்கிவிடும். உள்ளான்கள் உப்பளப் பாத்திகளுக்கும் கரையோரத் திட்டுகளுக்கும் இடம் மாறும். நவம்பர் இறுதியிலிருந்து வாத்துகளின் காலம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் அப்போதுதான் பெருங்கூட்டமாகத் தெரியும். தை, மாசியில் தண்ணீர் மீண்டும் வற்றத் தொடங்கியதும் உள்ளான்கள் திரும்பி வரும், ஆனால் அது இந்தப் பக்கத்தின் பேச்சு அல்ல.

ஆகவே கிளம்பும் முன் மரக்காணத்தில் யாரையாவது தொலைபேசியில் பிடியுங்கள். எனக்கு அங்கே டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் பழக்கம். "அண்ணே, பறவை வந்திருக்கிறதா?" என்று நான் கேட்பதே இல்லை. "தண்ணீர் எங்கே நிற்கிறது?" என்றுதான் கேட்பேன். "மாட்டுக்குக் குளம்பு நனைகிறது" என்றால் உடனே பையைக் கட்டுவேன். "எருமை நீந்துகிறது" என்றால் மார்கழிக்குத் தள்ளிப்போடுவேன். ஒரு முறைகூட அவர் கணக்கு தப்பவில்லை.

ஒரு நாளில் எந்த நேரம் நல்லது?

விடியலிலிருந்து ஒன்பது மணி வரை, பிறகு நான்கு மணியிலிருந்து இருட்டும் வரை. முதல் முறை நான் வீட்டில் இட்லி சாப்பிட்டு, நிதானமாகக் கிளம்பி, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏரி முழுக்கக் கானல் நடுங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் இருந்தது நாரையா, நட்டுவைத்த கம்பா என்று அரை மணி நேரம் வாதாடினோம். கம்புதான்.

சூரியன் நமக்கு முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். காலையில் ஏரியின் கிழக்குக் கரையில், அதாவது கடற்கரைச் சாலைப் பக்கத்தில் நின்று மேற்கே பாருங்கள். மாலையில் மறுகரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். இதை மாற்றிச் செய்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். கறுப்புப் பறவை பார்க்க வேலூரிலேயே காகம் இருக்கிறது.

கழிமுகப் பக்கம் போனால் ஓதத்தையும் கணக்கில் வையுங்கள். நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு குஜராத் கடற்கரையைப்போல் பல மீட்டர் இல்லை, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் தட்டையான சேற்று நிலத்தில் ஒரு சாண் ஏறினாலே பெரிய பரப்பு மூழ்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிகுதி. நீர் ஏற ஏறப் பறவைகள் மிச்சமுள்ள திட்டுகளில் நெருக்கியடித்து நிற்கும், எண்ணுவதற்கு அதுவே வசதி. வற்றும்போது பரந்து மேயும், நடத்தையைப் பார்க்க அது வசதி.

வேலூரிலிருந்து எப்படிப் போவது?

ஆரணி, வந்தவாசி, திண்டிவனம், மரக்காணம். சாலை வழி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். விடியலில் கரையில் நிற்க வேண்டும் என்றால் காரில் இரவு இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும், அல்லது முந்தைய நாளே திண்டிவனத்தில் தங்க வேண்டும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இரண்டாவதுதான் வழி. பழவேற்காடு என்றால் காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து புறநகர் ரயிலில் பொன்னேரி, பிறகு பஸ்.

வனத்துறை எல்லைக்குள் இறங்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே துறை அலுவலரிடம் அனுமதி பெறுங்கள். சாலையோரமும் பாலங்களும் கரைகளும் முதல் இரண்டு பயணத்துக்குத் தாராளமாகப் போதும்.

என்னென்ன பறவைகள் கிடைக்கும்?

பட்டியல் போட்டால் நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அதனால் சாப்பிடும் விதத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஓடி, நின்று, உற்றுப் பார்த்து, குனிந்து கொத்தி, மறுபடி ஓடுகிறதா? உப்புக்கொத்தி. அது கண்ணால் இரை தேடுகிறது, அதனால்தான் அந்தப் பெரிய கண், குட்டை அலகு. தையல் இயந்திர ஊசிபோல் விடாமல் சேற்றைக் குத்திக்கொண்டே நகர்கிறதா? உள்ளான் கூட்டத்தைச் சேர்ந்தது; அலகு நுனியின் தொடுவுணர்ச்சியால் தேடுகிறது. நீண்ட நேர் அலகை மூக்கு வரை சேற்றில் புதைக்கிறதா? மூக்கன், பெயரிலேயே இருக்கிறது. அலகைத் தண்ணீரில் இடவலமாக வீசுகிறதா? அலகு தட்டையாகக் கரண்டிபோல் இருந்தால் கரண்டிவாயன், மெலிந்து மேல்நோக்கி வளைந்திருந்தால் கோணமூக்கு உள்ளான். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து நீரை வடிகட்டுகிறதா? பூநாரை. நீரின் மேல் தாழப் பறந்து, சட்டென்று வளைந்து அலகால் மட்டும் பொறுக்குகிறதா? மீசை ஆலா.

மேலே பார்க்கவும் மறக்காதீர்கள். ஏரி முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தால் காரணம் வானத்தில் இருக்கும். சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் சிறகைச் சற்று உயர்த்திப் பிடித்து மிதந்து வரும். அல்லது பொரிவல்லூறு கல்லெறிந்ததுபோல் இறங்கும். விராலடிப்பானும் இந்தப் பருவத்தில்தான் வரும். அது முழுக்க முழுக்க மீன் சாப்பாட்டுப் பறவை, அதற்காக மற்றப் பறவைகள் அவ்வளவாகப் பதறுவதில்லை. எதற்கு எழுகின்றன, எதற்குச் சும்மா இருக்கின்றன என்று கவனித்தாலே அரை நாள் போய்விடும்.

சின்ன உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இன்னும் கடலோரம் போகவில்லை என்று பொருள். இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறவர்களும் சிலவற்றை "உள்ளான், வகை தெரியவில்லை" என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். அதில் வெட்கம் இல்லை.

நிறத்தை நம்பாதீர்கள். இலையுதிர்காலத்தில் இவை சட்டை மாற்றிக்கொண்டிருக்கும். ஆகஸ்டில் வரும் வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும். அக்டோபரில் அதே பறவை வெறும் சாம்பல். படப்புத்தகத்தில் இருக்கும் இனப்பெருக்கக் காலக் கோலம், குளிர்காலக் கோலம் என்ற இரண்டு ஓவியத்துக்கும் நடுவே ஒட்டுப்போட்ட சட்டையோடுதான் பெரும்பாலானவை நிற்கும்.

அதற்குப் பதில் மூன்றைப் பாருங்கள். முதலில் உருவம், பக்கத்தில் நிற்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிட்டு. வாலாட்டி அளவா, மைனா அளவா, புறா அளவா? அடுத்து அலகு, தலையின் நீளத்தைவிடக் குட்டையா, சமமா, நீளமா? நேரா, வளைந்ததா? மூன்றாவது, நடத்தை. சாதாரண உள்ளான் (ஒரு வகையின் பெயரே அதுதான்) நிற்கும்போதெல்லாம் பின்புறத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். பறந்தால் விறைத்த சிறகை விட்டு விட்டு அடித்து நீரை உரசிப் போகும். பாலாற்றுக் குட்டையிலும் இதைப் பார்க்கலாம். பொரி உள்ளானுக்குக் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம், முதுகெல்லாம் பொரி. பச்சைக்காலிக்குத் தடித்த, சற்றே மேல்நோக்கிய அலகு. எழும்போது "டியூ டியூ டியூ" என்று மூன்று முறை உரக்கக் கூவும். பவளக்காலி பறக்கும்போது சிறகின் பின் ஓரத்தில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். இந்த நான்கும் தெரிந்தால் நடுத்தர உள்ளான்களில் பெரும்பகுதி தீர்ந்தது.

இன்னொன்று. பல உள்ளான் வகைகளில் தாய் தந்தை முதலில் கிளம்பிவிடும், அந்த ஆண்டுக் குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தாமாகவே வரும். வழி காட்ட மூத்தவர் இருப்பதில்லை. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. செப்டம்பர் இறுதியில் நம் கடலோரத்தில் முதுகுச் சிறகுகள் எல்லாம் தேய்மானமே இல்லாமல், ஓரம் வெளிறி, மீன்செதில் அடுக்கியதுபோல் பளிச்சென்று தெரியும் பறவை பெரும்பாலும் அப்படி வந்த இளையதுதான். மூத்தவற்றின் சிறகு நைந்த வேட்டி போலிருக்கும்.

பூநாரையைக் கட்டாயம் பார்த்துவிடலாமா?

உறுதி இல்லை. குளிர்காலம் முற்றி, நீர்மட்டம் இறங்கிய பிறகே கூட்டம் நன்றாகச் சேரும். ஐப்பசியில் பத்து இருபது கண்ணில் பட்டால் மகிழ்ச்சி. அதற்காக மட்டும் போவதாக இருந்தால் தை மாதம் பழவேற்காட்டுக்குப் போங்கள்.

எந்த பைனாகுலர் வாங்குவது?

8x42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். "பத்து மடங்கு எட்டைவிட மேல் அல்லவா?" என்று கடைக்காரர் சொல்வார். பெரிதாகும் அளவுக்குக் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். பறக்கும் ஆலாவைப் பிடிப்பதற்குள் அது கடலூர் போய்விடும். விளையாட்டுச் சாமான் கடையில் விற்கும் இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று எழுதியவற்றைத் தொடவே வேண்டாம். கடலோரத்தில் உண்மையில் வேலை செய்வது முக்காலியில் வைத்த தொலைநோக்கிதான். அதைக் குழுவுக்கு ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

கைப்பேசிச் செயலி பெயர் சொல்லிவிடாதா?

மெர்லின் செயலி தோட்டத்துக் குருவிகளின் குரலுக்குக் கெட்டிக்காரன். காற்று இரைச்சலிடும் உப்பளத்தில், இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஊமை உள்ளானிடம் அது என்ன செய்யும்? பட்டியலைப் பதிந்துவைக்க ஈபேர்ட் செயலி நல்லது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பறவை என்று கேட்கும். நாமும் ஒழுங்காக எண்ணக் கற்றுக்கொள்வோம். ஆனால் கரையில் நிற்கும்போது சிறு குறிப்பேடும் பென்சிலும்தான் என் கை ஆயுதம். பேனா மழையில் அழும்.

ஆயிரக்கணக்கில் நின்றால் எப்படி எண்ணுவது?

பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவு துண்டுகளாகக் கூட்டத்தை வெட்டிக்கொண்டே போங்கள். பெருங்கூட்டத்துக்கு நூறு. நெல் களத்தில் அம்பாரத்தைப் பார்த்தே எத்தனை மூட்டை என்று சொன்ன நம் பாட்டன்மார் செய்ததும் இதுதான். "ஏகப்பட்டது" என்று எழுதாதீர்கள். 600 என்று எழுதி நூறு பிசகினாலும் அது பயன்படும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கின்றன. ஐப்பசியில் எண்ணிப் பழகியவர்கள் அங்கே தடுமாற மாட்டார்கள்.

மழை வந்தால் திரும்பிவிடலாமா? புயல் எச்சரிக்கை என்றால்?

தூறலுக்குத் திரும்பாதீர்கள். மழை விட்ட அரை மணி நேரம் பறவைகள் சிறகை உலர்த்திக்கொண்டு, பயத்தை மறந்து, கரையோரமாகவே மேயும்.

புயல் என்பது வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, மரக்காணம், திண்டிவனம் பகுதியைப் புரட்டிப் போட்டது. அந்த மாதிரி நாளில் ஏரிப் பக்கம் போவது பறவைப் பித்து அல்ல, வெறும் பித்து. ஆனால் புயல் கடந்த இரண்டு மூன்று நாளில் நம் வேலூர்ப் பக்க ஏரிகளை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நடுக்கடலில் வாழும் ஆலாக்களைக் காற்று உள்நாடு வரை தள்ளிக்கொண்டு வந்துவிடுவது உண்டு. சோர்ந்து தரையில் கிடந்தால் கையில் எடுத்துப் படம் பிடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

போகலாம். கழிப்பறைக்கு மரக்காணம் ஊருக்குள்தான் வர வேண்டும் என்பதை மட்டும் முன்பே சொல்லி அழைத்துப் போங்கள், முக்கியமாகப் பெண்களிடம். இதைச் சொல்லாமல் கூட்டிப்போய் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. குழந்தைகளுக்குப் பெயர் மனப்பாடம் வேண்டாம். "எந்தக் கால் நீளம், எது ஆழத்தில் நிற்கிறது" என்று ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டால் போதும், நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

என்ன உடை, என்ன சாப்பாடு?

வெள்ளையும் பளிச்சென்ற நிறமும் வேண்டாம். காக்கி, இலைப்பச்சை, மங்கிய பழுப்பு நல்லது. தொப்பி அவசியம். செருப்போடு சேற்றில் இறங்காதீர்கள், செருப்பு உள்ளேயே தங்கிவிடும். வெறுங்காலோடும் இறங்காதீர்கள், சீமைக்கருவேல முள் உள்ளே இருக்கும். சுருங்கச் சொன்னால், இறங்கவே இறங்காதீர்கள். சாப்பாட்டுக்குப் புளிசாதம். காலையில் கட்டியது மதியம் வரை கெடாது, கையில் பிடித்துத் தின்றுகொண்டே பார்க்கலாம். இலையையும் பொட்டலத்தையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

படம் எடுக்க எவ்வளவு நெருங்கலாம்?

பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டதா? அதற்கு முந்தைய அடியோடு நீங்கள் நின்றிருக்க வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டர்வரை பறந்து வந்து, உடம்பில் கொழுப்பெல்லாம் கரைந்து, எலும்பும் தோலுமாக இறங்கியிருக்கும் பறவை அது. ஒரு முறை கிளப்பிவிட்டால் காலை முழுவதும் தின்றதில் ஒரு பங்கை அந்தப் பறத்தலிலேயே செலவழித்துவிடும். "கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும்" என்று கல்லெறிந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய படம் நன்றாகத்தான் வந்தது. அதன் பிறகு அவரோடு நான் போனதில்லை. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடுவதும் குற்றம்.

காலில் வளையமோ கொடியோ தெரிந்தால்?

நிறம், எழுத்து, எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எல்லாவற்றையும் குறியுங்கள். முடிந்தால் படம் எடுங்கள். 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அவர்களுக்கு எழுதினால் எங்கே, எப்போது இட்ட வளையம் என்று தெரியவரும்.

வலை விரித்திருப்பதைக் கண்டால் என்ன செய்வது?

சண்டைக்குப் போகாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சாலையோரம் "காட்டு வாத்து" என்று விற்றால் வாங்காதீர்கள்; இரக்கப்பட்டு வாங்கிப் பறக்கவிடுவதும் வாங்குவதுதான், அடுத்த நாள் இன்னொரு வலை விரியும். நம் பக்கத்திலும் மடையானைப் பிடித்துக் குழம்பு வைத்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அதனால் கடலோரத்து மக்களை மட்டும் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

தீபாவளி விடுமுறையில் போகலாமா?

கூட்டம் குறைவு, சாலை காலி. பட்டாசை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எனக்கு வேலூரை விட்டு நகர முடியாது. இந்த ஆண்டு என்ன செய்யட்டும்?

வாசலில் தொடங்குங்கள். புரட்டாசி கடைசியில் சாம்பல் வாலாட்டி ஓடைப் பக்கமும், பழுப்புக் கீச்சான் வேலி முள்ளிலும் வந்து உட்காரும். அக்டோபரில் மாலை இருட்டும் வேளையில் தோட்டத்தில் இரண்டு அசையாக யாரோ சீட்டி அடித்தால் அது பெரும்பாலும் ஆறுமணிக் குருவி, இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியக் காடுகளிலிருந்தும் வந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை விட்டுவிட்டு மரக்காணம் போகிறோம் என்று நானே சில நேரம் என்னைத் திட்டிக்கொள்வேன்.

பிறகு பாலாறு இருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் தொடங்கி, 348 கிலோமீட்டர் வந்து, வாயலூருக்குப் பக்கத்தில் கடலில் சேரும் ஆறு. நம் ஊரில் பெரும்பாலும் மணல்தான் ஓடுகிறது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். வெள்ளம் வடிந்த மறுவாரம் அதே மணலில் அங்கங்கே குட்டைகள் நின்றன, குளம்பு நனையும் ஆழத்தில். ஒரு குட்டையில் பச்சைக்காலி ஒன்று, இன்னொன்றில் ஏழு உப்புக்கொத்திகள். பாலத்தில் போன பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா தேடுகிறாய், ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று கேட்டார்.